துடிக்கும் பிள்ளைக்குத் தேவை பிரம்பல்ல, மைதானம்!

“உங்கள் பையன் ஒரு நிமிஷம் பெஞ்சில் உட்காருவதில்லை, மற்றவனையும் படிக்க விடுவதில்லை.” பள்ளியிலிருந்து இந்தப் புகார் வராத தெரு உண்டா? ஆலையிலிருந்து அலுத்து வரும் தகப்பனும், நடவிலிருந்து திரும்பும் தாயும் அடிக்கக் கை ஓங்குகிறார்கள். மறுநாள் வாத்தியார் பிரம்பை எடுக்கிறார். பிள்ளை அடங்கிற்றா? இல்லை.

துடுக்கெல்லாம் நோய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் கவனம் நிலைப்பதில்லை, கைகால் ஓய்வதில்லை, தன் முறை வரும்வரை பொறுக்க முடிவதில்லை. டாக்டர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. பிள்ளையின் திமிரும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல.

அமெரிக்காவில் 2013-ல் வெளியான சிறு ஆராய்ச்சி ஒன்றில், இந்தக் குறையுள்ள 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 20 பேரை, 20 நிமிஷம் உடற்பயிற்சி செய்ய வைத்துப் பரீட்சை வைத்தார்கள். சும்மா உட்கார்ந்து படித்த நாளைவிட, உடம்பு வேர்த்த நாளில் வாசிப்பும் கணக்கும் நன்றாக வந்தன.

நமக்கு யந்திரம் எதற்கு? சடுகுடு இருக்கிறது. பாடிப் போகிறவன் மூச்சை அடக்கி, எதிரே நிற்கும் 7 பேரையும் கவனிக்க வேண்டும். கிளித்தட்டில் கண் அசந்தால் ஆட்டம் போயிற்று. பச்சைக்குதிரையில் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பிரம்பால் புகுத்த முடியாத கவனமும் பொறுமையும் இங்கே விளையாட்டாகப் பழகுகின்றன. ஒன்று மட்டும்: ஆட்டமிழந்த பிள்ளையை நெடுநேரம் ஓரத்தில் உட்கார வைக்காமல் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு ஒன்றே போதும் என்பதல்ல. ஜில்லா ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்டுங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பள்ளிதோறும் மைதானமும் விளையாட்டுச் சாமானும் வேண்டும், பிள்ளையை அடிக்கக் கூடாது என்கிறது 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம். நடப்பதென்ன? பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு விழுங்குகிறது. சேட்டை செய்தவனுக்கு முதல் தண்டனையே “விளையாடப் போகாதே” என்பதுதான். பசித்தவனைப் பட்டினி போட்டுத் திருத்துவதா?

பணக்காரன் பிள்ளைக்கு நீச்சல் குளம் உண்டு, டென்னிஸ் உண்டு. நம் பிள்ளைக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு ஏது? பள்ளி மேலாண்மைக் குழுவில் 4-ல் 3 பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது அதே சட்டம். தோழர்களே, அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். பறித்த விளையாட்டுப் பீரியடைத் திருப்பிக் கேளுங்கள்.

பிரம்பை ஒடிப்போம், மைதானத்தைக் கேட்டு வாங்குவோம்!