படம் வரவில்லையா? முதலில் பிள்ளையைத் திட்டாதீர்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. "அப்பா, ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு" என்று மகன் வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் அறிவியல் புராஜெக்ட் வீடியோவைக் கொடுக்க வேண்டும், எடிட்டிங் பாதியில் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். சிபியூவில் விசிறி சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'.

நான் முதலில் செய்த காரியம் கத்தியதுதான். "ராத்திரி பகல்னு பார்க்காம கேம் விளையாடினா கார்டு எரியாம என்ன செய்யும்?" அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை. ஆபீஸில் ஒரு பிழை வந்தால் லாக்கைப் பார்க்காமல் யார் மேலும் பழி போட மாட்டேன். வீட்டில் அந்த நியாயம் எங்கே போனதோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். சனிக்கிழமை காலையில் அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு சனையாவுக்குக் கிளம்பினேன். தோஹா தொழில்பேட்டையை இங்கே எல்லாரும் சனையா என்றுதான் சொல்வோம். சல்வா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தெருக்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். கராஜ், உதிரிபாகக் கடை, வெல்டிங் பட்டறை, தொழிலாளர் குடியிருப்பு. என் அப்பா 90-களில் அங்கே ஒரு கராஜில் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் வந்தாலும் அவர் இன்ஜினைத் தொடமாட்டார். "முதல்ல கரண்ட் வருதானு பாரு" என்பார். அந்தப் பாடம் எனக்கு அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பது வயசு இருக்கும். கார்டை வாங்கித் தன் டேபிளில் இருந்த கம்ப்யூட்டரில் சொருகி ஆன் பண்ணினார். அரை நிமிஷத்தில் படம் பளிச்சென்று வந்துவிட்டது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் என்னை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார்.

"மக்ளே, இது எப்பலேர்ந்து இப்படி?"

"ஒரு வாரமா அங்கிள். டேபிள் ஆடினா ஸ்கிரீன் ஒரு தடவை போயிட்டு வரும். அப்பாகிட்ட சொன்னேன்."

"கார்டைக் கழட்டும்போது பவர் கேபிள் கிளிப்பை அமுக்கினீங்களா?"

"இல்ல அங்கிள். அப்பா சும்மா இழுத்தாங்க, வந்துடுச்சு."

அவர் சிரித்துவிட்டார். "தம்பி, கார்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சோறு போகல, அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். ஷமால் காற்று அடித்து ஓய்ந்த பிறகு, ஒரு நாள் நானே சிபியூவைத் திறந்து தூசி தட்டினேன். கேபிளைத் திரும்பச் சொருகும்போது 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்தவில்லை. தொட்டுக்கொண்டும் தொடாமலும் இருந்த கேபிள், டேபிள் ஆட ஆட நகர்ந்து கடைசியில் விட்டுப்போயிருக்கிறது. குற்றவாளி நான்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் பவர் இணைப்பு உருகிப்போவதாக உலகம் முழுக்கப் புகார் வந்தது. அந்த நவம்பரில் என்விடியா கொடுத்த விளக்கத்தில், இணைப்பு முழுசாகச் சொருகப்படாததுதான் பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்று சொன்னார்கள். விலை உயர்ந்த கார்டுக்கும் அதே 'டக்' சத்தம்தான் உயிர்.

உங்கள் வீட்டில் திரை இருண்டால் இந்த வரிசையில் போங்க. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது.

முதலில் மானிட்டர். அதே மானிட்டரில், அதே கேபிளில் ஒரு லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் மானிட்டரும் கேபிளும் சரி. அடுத்து, கேபிள் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்கணும், மேலே மதர்போர்டில் இல்லை. வீடு துடைக்கும்போது கழற்றி மாட்டினால் இது அடிக்கடி மாறிப்போகும்.

இப்போது பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஆன் பண்ணி மதர்போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன விளக்குகள் இருக்கும். விஜிஏ விளக்கு அணையாமல் நின்றால் சிக்கல் கார்டு பக்கம். டிராம் விளக்கு நின்றால் கார்டைத் தொடாதீர்கள், ரேமைக் கழற்றி மாட்டுங்கள். ரேம் சரியாக உட்காராவிட்டாலும் படம் வராது.

அடுத்தது பவர். ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் போய்விடும். பிறகு கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஒரு கார்டு மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். அதனால்தான் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது என்பதை வைத்து கார்டுக்குப் போதுமான பவர் போகிறது என்று முடிவு கட்டக்கூடாது. கேபிளைக் கழற்றி, பூட்டு விழும்வரை திரும்ப அழுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு கம்பெனி கேபிளைக் கொண்டுவந்து போடவே கூடாது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கலாம். மாட்டி ஆன் பண்ணினால் பாகங்கள் எரிந்துபோகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம்.

பிறகு கார்டு. ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கொக்கியைத் தள்ளிவிட்டுத்தான் கார்டை உருவணும். ப்ளோயரால் தூசியை ஊதுங்கள், ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பொன்நிறப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். நம்ம ஊர்த் தூசிக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை இதைச் செய்யலாம்.

ஆன் ஆகும்போது கம்பெனி லோகோ தெரிந்து, விண்டோஸ் வந்ததும் இருண்டால், பெரும்பாலும் டிரைவர் கோளாறு. சேஃப் மோடில் போய் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நன்றாக ஓடி, கேம் ஆரம்பித்து பத்து நிமிஷத்தில் இருண்டால், சூட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகப்படுங்கள்.

இத்தனைக்கும் பிறகு படம் வராவிட்டால், கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால்தான் கார்டு போய்விட்டது என்ற முடிவுக்கு வரலாம். அப்படியே போயிருந்தாலும் பிள்ளை விளையாடியதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. 2008-ல் லேப்டாப்களில் வந்த என்விடியா சிப்கள் சில, தயாரிப்புப் பொருளின் பலவீனத்தால் பழுதானதாக அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. செத்த கார்டை ஓவனில் வைத்துச் சுட்டால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாப்பாடு செய்கிற ஓவன் அது.

கடைக்காரர் பார்த்த கூலியாக 20 ரியால் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை மகன் கையில் கொடுத்தேன். கார்டை அவனே உட்கார வைத்தான். கேபிளை அழுத்தி, "அப்பா, டக்னு கேட்டுச்சா?" என்றான். கேட்டது. படம் வந்தது. வீடியோவை ராத்திரி பதினொரு மணிக்கு முடித்தான்.

தூங்கப் போகும் முன்னால் அவனிடம், "நீ போன வாரமே சொன்னே. நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது" என்றேன். "பரவால்லப்பா" என்றான். ஆனால் அடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவனுடைய கோணல் தமிழ் எழுத்தில், "முதல்ல கரண்ட் வருதா பாரு" என்று. தாத்தா வாசகம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாராவாரம் வீடியோ காலில் பேசுகிறானே, அவரிடமே கதையைச் சொல்லியிருக்கிறான். அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சீட்டை நான் எடுக்கவில்லை. அடுத்த மாதம் சந்திப்போம்.