இடையில் ஏற்கும் தமிழ் வகுப்பும் மாணவர் நிலையறிதலும்

பணியிட மாறுதல், பணி ஓய்வு, மகப்பேற்று விடுப்பு முதலிய காரணங்களால் கல்வியாண்டின் நடுவில் தமிழ் வகுப்பொன்றை வேறோர் ஆசிரியர் ஏற்க நேர்வது பள்ளிகளில் இயல்பு. அவர் கைக்கு வருவன பெரும்பாலும் மூன்று: பாடம் நின்ற இடம், காலாண்டுத் தேர்வு மதிப்பெண்கள், 'மெல்லக் கற்போர்' பெயர்ப்பட்டியல். இம்மூன்றும் மாணவரின் மொழித்திறனைத் தெளிவுறக் காட்டா. அதனை முதல் வாரத்திலேயே நேரில் கண்டறிவது புதிய ஆசிரியரின் முதற்கடமை.

மாணாக்கரை அறிந்து கற்பித்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் அன்னம் முதல் நெய்யரி ஈறாக எட்டு உவமைகளால் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பகுக்கிறது. ஆயினும் அப்பகுப்பு மாணாக்கரின் இயல்பைப் பற்றியது. இடையில் வரும் ஆசிரியர் அறிய வேண்டுவது இயல்பன்று, அன்றைய நிலை. நிலை மாறும்; பட்டியலில் ஏறிய பெயரோ எளிதில் இறங்குவதில்லை.

மதிப்பெண்ணும் நிலையை மறைக்கும். ஒரே மதிப்பெண் பெற்ற மூவரைக் கொள்ளலாம். ஒருவர் கட்டுரையில் 'நேத்து போனேன்' என எழுதுகிறார். பேச்சு வழக்கினின்று எழுத்து வழக்கிற்கு மாறும் பயிற்சி அவருக்கு வேண்டும். மற்றொருவர் 'அவர்கல்' என எழுதுகிறார். லகர ளகர வேறுபாட்டைச் செவியும் நாவும் பழக வேண்டும். மூன்றாமவர் 'மாணவர்கள் வந்தது' என எழுதுகிறார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு அவருக்குப் புலப்படவில்லை. மூவருக்கும் ஒரே இலக்கணப் பாடத்தை மீண்டும் நடத்துவதால் பயன் சிறிது. மனப்பாடச் செய்யுளைப் பிழையற எழுதித் தேறியவரும் முன்பின் காணாத பத்தியில் தடுமாறக்கூடும்.

எனவே நான்கு சிறு பயிற்சிகள் போதும்: பாடநூலில் இல்லாத பத்தியைத் தனித்தனியே வாசித்தல், சொல்வதெழுதுதல், கேட்ட கதையைத் தன் சொல்லில் கூறுதல், தான் கண்ட நிகழ்ச்சியொன்றை முதலில் பேசிப் பின் எழுதுதல். இறுதிப் பயிற்சி இரு வழக்குகளுக்கிடையே மாணவர் எங்கு நிற்கிறார் என்பதை உணர்த்தும். இவற்றுக்கு மதிப்பெண் இடலாகாது. இட்டால் மாணவர் தம் நிலையை மறைக்கவே முயல்வர். தமிழ்நாட்டில் 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் கொண்டு கற்பிக்க வழி செய்தது. அந்நோக்கு உயர் வகுப்புகளுக்கும் வேண்டுவதே.

பாடத்திட்டத்தை முடிக்க நாள் போதாது என்பது எதிர்வாதம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் பாடம் நின்ற இடமும் மாணவர் நின்ற இடமும் ஒன்றெனக் கொண்டு நடத்தினால், பின்தங்கியவர் கேள்வி கேளாது ஒதுங்குவர். அம்மௌனம் புரிதலாகக் கொள்ளப்படும். அவ்வாறு இழக்கும் ஆண்டினும் ஒரு வாரம் பெரிதன்று.

விடைபெறும் ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. அவர் கையளிக்க வேண்டுவது பெயர்ப்பட்டியலன்று. திருத்தப்பட்ட கட்டுரை ஏடுகள். மாணவர் செய்த பிழையும் அதனைக் கடந்த முறையும் அவற்றிலேயே பதிந்துள்ளன.