உடை மாற்ற ஓர் அறை

காடாம்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. திருவிழாவுக்கு ஆட வரும் பெண்கள் அந்த இருட்டில்தான் உடை மாற்றுவார்கள். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது அவர்களில் ஓர் அக்கா கொல்லைக் கதவைத் தட்டினார். "பாத்ரூம் போயிட்டு வந்துக்கறேம்மா." வேனில் ஏறியதிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாராம். அம்மா உள்ளே விட்டார். மறுநாள் தெருவெல்லாம் அதே பேச்சு: ஆடுறவளைப் போய் வீட்டுக்குள்ள விட்டுட்டா.

ஆடல் பாடலுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தால் விழாக்குழு உயர் நீதிமன்றம் போகிறது. நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கிறது. ஆபாச அசைவு கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். நான் வாசித்த உத்தரவுகளில் கழிப்பறை என்ற சொல் இல்லை. மேடைப் பலகை ஆடுகிறதா, ஜெனரேட்டர் ஒயர் ஈரத்தில் கிடக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. ரூபாய் நோட்டை ரவிக்கையில் குத்த மேடையேறும் ஆணை யார் தடுப்பது? அவள் பாவாடை எத்தனை அங்குலம் என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை.

இதே மாவட்டத்தில், சிதம்பரத்தில், 1981 முதல் நாட்டியாஞ்சலி நடக்கிறது. அங்கே ஆடுகிறவரின் இடுப்பசைவை அளக்க யாரும் காவலரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடவும் வேண்டாம். கரகம் சுமப்பவளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள் என்கிறேன்.

2020இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடனமாடுபவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எங்கே தெரியுமா? படம், தொடர் போன்ற ஒலி, ஒளித் தயாரிப்பில் வேலை செய்பவர்கள் பட்டியலில். கேமரா முன்னால் ஆடினால் தொழிலாளி. மாரியம்மன் முன்னால் விடிய விடிய ஆடினால் என்ன பெயர்?

பக்கத்து ஊர் விழாக்குழுவிடம் ஒருமுறை கேட்டேன். "ஏஜென்ட்டுக்குக் காசு குடுத்துட்டோம்மா, மத்ததெல்லாம் அவன் பாத்துக்குவான்" என்றார் பெரியவர். ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். "எடம் அவங்களோடதுக்கா, நான் என்னா பண்றது?" அச்சாரம் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே கைகழுவியாகிவிட்டது.

சட்டம் அப்படிக் கைகழுவ விடுவதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, தினக்கூலியாக வந்தவரையும், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரையும் ஊழியர் என்றே சொல்கிறது. முதன்மை வேலையளிப்பவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வேலைக்காகப் போகும் இடமும், வேலையளிப்பவர் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. பத்துப் பேருக்குக் குறைவான குழு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். ஆனால் இந்தச் சட்டம் துன்புறுத்தலோடு நின்றுவிடுகிறது. மின்சாரம் தாக்கினால், பலகை உடைந்து கால் முறிந்தால், அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் டிரைவர் வேனை மரத்தில் மோதினால், அவள் செலவுக்கு இந்தச் சட்டத்தில் வழியில்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது, சரி. பதிவு செய்தவருக்கு உதவித்தொகை தரும் வாரியம், மேடைக்கு வந்து ஒயரைச் சோதிக்காது.

அனுமதி மனுவிலேயே எழுதி வாங்குங்கள்: தாழ்ப்பாளுள்ள அறை எது, கழிப்பறை எது, மேடையையும் மின் இணைப்பையும் சோதித்தவர் யார், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது. கையெழுத்து விழாக்குழுவும் ஏஜென்ட்டும் சேர்ந்து போடட்டும். பந்தலுக்கும் ரேடியோ செட்டுக்கும் வசூலிக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய செலவில்லை. அந்தப் பெரியவரின் ஊரில் மேடைக்கு எதிரிலேயே சமுதாயக் கூடம், கழிப்பறையோடு. சாவி அவரிடம்தான் இருந்தது.