பால்ட்ரிக்கின் கணக்கு

சிரிப்புக்குச் சாதியில்லை, வர்க்கமில்லை என்று சொல்கிற தோழர்களை எனக்குத் தெரியும். மேடையில் அதிகாரத்தைக் கட்டுடைப்பார்கள், கலாச்சாரத்தைக் கிழிப்பார்கள். டீவி முன்னால உட்கார்ந்தால் மட்டும் 'சும்மா சிரிச்சிட்டுப் போங்க தோழர்' என்பார்கள். சரி, சிரிப்போம். ஆனா யாரைக் காட்டிச் சிரிக்கிறோம் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேணாமா?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் 'பிளாக்ஆடர்' போட்டுப் பார்த்தோம். பிபிசி 1983இலிருந்து 1989வரை 4 தொடர்களாக, மொத்தம் 24 பகுதிகளாக ஒளிபரப்பிய வரலாற்று நகைச்சுவை. நம்ம ஆட்களுக்கு மிஸ்டர் பீனாகத் தெரிந்த ரோவன் அட்கின்சன்தான் நாயகன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். பொய் சொல்வானேன்.

கதை இதுதான். பிளாக்ஆடர் என்றொரு வம்சம், தலைமுறைக்குத் தலைமுறை எட்மண்ட் என்றே பெயர். முதல் தொடரில் 1485இல் பாஸ்வொர்த் போருக்குப் பிந்திய கற்பனை அரண்மனையில் இளவரசன். இரண்டாவதில் முதலாம் எலிசபெத் அவையில் பிரபு. மூன்றாவதில் ரீஜண்ட் இளவரசனுக்கு பட்லர். நான்காவதில் 1917ஆம் வருசம், பதுங்குகுழிக்குள் ஒரு கேப்டன். இளவரசன், பிரபு, பட்லர், கேப்டன் என்று படியில் இறங்கி வருகிறான். அவன் கூடவே ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஒரு பால்ட்ரிக் வருகிறான். வேலைக்காரன். அவன் வம்சத்துக்கு இறங்குவதற்குப் படியே இல்லை. 400 வருசமாக இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

மற்ற பாத்திரங்களும் இப்படித்தான் நூற்றாண்டு தாண்டித் தாண்டி வருகிறார்கள். எலிசபெத் காலத்தில் ஜால்ரா தட்டும் மெல்செட் பிரபு, முதல் உலகப் போரில் ஜெனரல் மெல்செட்டாக வந்து பிள்ளைகளைச் சாகக் கொடுக்கிறான். 'உங்கள் பின்னாலேயே இருக்கிறேன்' என்று அவன் தைரியம் சொல்லும்போது, 35 மைல் பின்னால் என்று பிளாக்ஆடர் திருத்துகிறான். பெர்சியும் ஜார்ஜும் பணக்கார மடையர்கள். இவர்களைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குப் பேச வேண்டியது டோனி ராபின்சன் நடித்த பால்ட்ரிக்கைப் பற்றி.

ஒரு விசயம் பலருக்கும் தெரியாது. முதல் தொடரில் பால்ட்ரிக்தான் புத்திசாலி, எட்மண்ட்தான் முட்டாள். அந்தத் தொடரை ரிச்சர்ட் கர்டிஸும் அட்கின்சனும் எழுதினார்கள். 1986இல் இரண்டாம் தொடருக்கு அட்கின்சன் எழுத்தை விட்டார், பென் எல்டன் வந்தார். நாயகனை நாக்கில் விஷம் உள்ள கெட்டிக்காரனாக மாற்றினார்கள். உடனே வேலைக்காரன் முட்டாளாகிவிட்டான். ஒரே வீட்டுக்குள் ரெண்டு அறிவாளி இருந்தால் நகைச்சுவை எடுபடாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அறிவு எஜமான் பக்கம் போகும்போது அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்க. பால்ட்ரிக் பிறவி முட்டாள் இல்லை, முட்டாளாக எழுதப்பட்டவன். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் தொடரில் ஒரு கணக்குப் பாடம் வருகிறது. பீன்ஸ் விதைகளை வைத்துக்கொண்டு பிளாக்ஆடர் கூட்டல் சொல்லித் தருகிறான். ரெண்டும் ரெண்டும் சேர்ந்தால் என்ன? கொஞ்சம் பீன்ஸ் என்கிறான் பால்ட்ரிக். மறுபடி கேட்டால், ரொம்பச் சின்னதா ஒரு சட்டிக் குழம்பு என்கிறான். எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பாருங்க, அந்தப் பதிலில் என்ன தப்பு? பசித்தவன் கையில் பீன்ஸைக் கொடுத்துவிட்டு எண்ணச் சொன்னால் அவன் குழம்பைத்தான் எண்ணுவான். அது எண் இல்லை, தீனி. சிந்து நதிக்கரைக் குரங்குகள்கூட இந்தக் கணக்கைக் கற்றுவிட்டன என்று எஜமான் திட்டுகிறான். (போகிற போக்கில் நம்ம பக்கத்துக்கும் ஒரு மிதி!) மறுபடி எண்ணச் சொன்னால் பால்ட்ரிக் மூணு என்கிறான். அப்புறம் மிச்சமிருக்கும் ஒன்றைக் காட்டி, அப்புறம் இது ஒண்ணு என்கிறான். மூணும் ஒண்ணும் நாலுதானே! அவன் கணக்கு சரி. வாத்தியார் எதிர்பார்த்த வாய்பாட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுமலர்ச்சி என்பது உனக்கு யாரோ மற்றவர்களுக்கு நடந்த சங்கதி, இல்லையா என்று பிளாக்ஆடர் கடைசியில் நக்கலாகக் கேட்கிறான். அந்த நக்கலுக்குள் இருக்கும் உண்மை எழுதியவர்களுக்கே தெரிந்துதான் வந்ததா என்பது எனக்குச் சந்தேகம். மறுமலர்ச்சி பிரபுக்களுக்கு நடந்தது. பால்ட்ரிக்குக்கு நடக்கவேயில்லை.

பசி அவனை விடுவதே இல்லை. மூன்றாம் தொடரில் கையில் பெரும் பணம் கிடைக்கும்போது ஒரு ராட்சச டர்னிப் கிழங்கு வாங்கிவிடுகிறான். உலகப் போர் எப்படி ஆரம்பித்தது என்ற பேச்சு வரும்போது, ஆர்ச்சி ட்யூக் என்கிற ஆள் பசி தாங்காமல் நெருப்புக்கோழியைச் சுட்டதால் என்கிறான். ஆர்ச்ட்யூக் ஃபெர்டினாண்ட் 1914இல் சரயேவோவில் சுடப்பட்டது அவன் காதில் விழுந்த விதம் அது. அவனைப் பொறுத்தவரை மனுசன் துப்பாக்கி எடுப்பதற்குப் பசியைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஏகாதிபத்தியம் பற்றி நாம் படித்த தடித்தடிப் புத்தகங்களுக்கு இது ஒன்றும் குறைந்த விளக்கம் இல்லை.

பெயர் விசயத்துக்கு வருகிறேன். அதே மூன்றாம் தொடரில் ஒரே ஒரு வாக்காளர் உள்ள தொகுதியில் பால்ட்ரிக்கை நிறுத்தி 16,472 ஓட்டில் ஜெயிக்க வைக்கிறார்கள். வெறும் கற்பனை என்று நினைக்காதீங்க. ஓல்டு சேரம் போன்ற இத்துப்போன தொகுதிகள் விரல்விட்டு எண்ணும் ஓட்டை வைத்துக்கொண்டு 2 உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. 1832 சீர்திருத்தச் சட்டம் வரும்வரை அதுதான் பிரிட்டிஷ் ஜனநாயகம். வேட்பாளர் மனுவுக்கு முதல் பெயர் கேட்கிறார்கள். அவனுக்குத் தெரியவில்லை. சின்ன வயசில் சாக்கடையில் விளையாடும்போது மற்ற பிள்ளைகளிடம் பெயர் சொன்னால் 'ஓடிப்போடா பால்ட்ரிக்' என்பார்களாம். அதனால் 'ஓடிப்போடா' என்பதுதான் தன் முதல் பெயராக இருக்கும் என்று நினைக்கிறான். அதையே இனிஷியலாகப் போட்டுப் பதிகிறார்கள். நம் கணக்கில் ஓ. பால்ட்ரிக். இந்த இடத்தில் எங்கள் வட்டத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. பண்ணையார் வாயில் வந்ததைப் பெயராக வாங்கிக்கொண்ட தாத்தாக்களின் பேரன்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு தோழர் மறுத்தார். ராஜாக்களை இவ்வளவு கேவலப்படுத்துகிற தொடர் இது, எலிசபெத் அடம்பிடிக்கும் குழந்தை, இளவரசன் தானாக உடுப்புப் போடத் தெரியாதவன், ஜெனரல் பைத்தியம், இது கலகம்தானே என்றார். பாதி ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் தொடரின் கடைசிப் பகுதியில் இளவரசனும் பட்லரும் உடையை மாற்றிக்கொள்கிறார்கள். வேலைக்காரன் உடுப்பில் இருக்கும் இளவரசனை வெலிங்டன் அடிக்கிறார், கடைசியில் சுட்டே விடுகிறார். பட்லர் இளவரசனாகவே நிலைத்துவிடுகிறான். பெற்ற அப்பன் மூன்றாம் ஜார்ஜுக்கே வித்தியாசம் தெரியவில்லை. பிறப்பு என்பது சட்டை என்று இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. ஆனால் சட்டை மாறுவது பட்லர்வரைதான். பால்ட்ரிக்கின் கந்தலைப் போட்டுக்கொள்ள யாரும் வரவில்லை.

இந்தத் தொடரின் கெட்டிக்காரன் நடுவில் நிற்கிறான். மேலே இருப்பவனை நக்கல் அடிப்பான், கீழே இருப்பவனை மிதிப்பான். பார்க்கிறவர்கள் தன்னை அவனாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு காட்சியில் அவனே சித்தாந்தமும் சொல்கிறான். மிதிபட்டவன் எப்போதும் கீழேதான் மிதிப்பானாம். எனக்குக் கோபம், நான் பூனையை உதைக்கிறேன், பூனை எலி மேல் பாய்கிறது, எலி உன் பின்புறத்தைக் கடிக்கிறது என்று விளக்குகிறான். நான் என்ன செய்யட்டும் என்கிறான் பால்ட்ரிக். ஒன்றுமில்லை, கடவுளின் சங்கிலியில் நீதான் கடைசி என்கிறான். பூனைக்கும் கீழே, எலிக்கும் கீழே! படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியதைப் புரியவைக்க நான் வருசக்கணக்காகக் கரும்பலகையில் படி படியாக வரைந்திருக்கிறேன். இந்த அரை நிமிசம் போதும்.

அதற்காகப் பால்ட்ரிக் தலித் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். ட்யூடர் காலத்து இங்கிலாந்திலும் மலக்குழி அள்ளுகிறவர்கள் இருந்தார்கள், ராத்திரியில்தான் வேலை. ஆனால் அந்த வேலை பிறப்போடு ஒட்டவில்லை. கழிவுநீர்க் குழாய் வந்தது, வேலை போயிற்று, ஆளும் வேறு வேலைக்குப் போனான். டோனி ராபின்சனே பின்னாளில் வரலாற்றின் மோசமான வேலைகள் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் நடத்தினார், 2004இல். அவர்களுக்கு அது வரலாறு. இங்கே 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் போட்ட பிறகும் நம் ஆட்கள் குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பால்ட்ரிக்கின் நாற்றத்தைப் பற்றிய நக்கல்களுக்கு லண்டன்காரன் சிரிக்கிற சிரிப்பும் நாம் சிரிக்கிற சிரிப்பும் எப்படி ஒன்றாகும்?

நான்காம் தொடர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அங்கேயும் ஒரு குறை. துப்பாக்கி இல்லாத, குள்ளமான எதிரிகளோடு சண்டை போட்ட பழைய காலம்தான் நன்றாக இருந்தது என்று பிளாக்ஆடர் பேசுகிறான். காலனி யுத்தத்தின் வீரத்தைத் தோலுரிக்கும் பேச்சுதான். ஆனால் ஆப்பிரிக்கர்கள் அந்தப் பேச்சில் மட்டுமே இருக்கிறார்கள், முகம் இல்லை. இந்தியச் சிப்பாய்கள் பேச்சில்கூட இல்லை. 1914இலேயே பிரான்சுக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள் அவர்கள். ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்த அதே ராணுவம் 1890களில் வீர இனம் இல்லை என்று மகர்களைக் கழற்றிவிட்டது. ஆள் பற்றாத 1917இல் 111ஆவது மகர் படைப்பிரிவைக் கட்டியது. 1921இல் கலைத்தது. பிளாக்ஆடர் பதுங்குகுழிக்குள் இருக்கும் அதே 1917.

2014இல் பிரிட்டன் கல்வி மந்திரியாக இருந்த மைக்கேல் கோவ், போரைப் பற்றித் தப்பான எண்ணம் பரவுவதற்கு இந்தத் தொடரையும் ஒரு காரணமாகச் சொல்லித் திட்டினார். டோனி ராபின்சன் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். கால் நூற்றாண்டு கழிந்தும் ஒரு மந்திரிக்கு அரிக்கிறது என்றால் அந்தத் தொடர் எங்கேயோ சரியாகக் கடித்திருக்கிறது.

கடைசிப் பகுதியில் பால்ட்ரிக் நிஜமாகவே ஒரு கேள்வி கேட்கிறான். எல்லோரும் சண்டையை நிறுத்திவிட்டு ஏன் வீட்டுக்குப் போகக்கூடாது? கேப்டனுக்குப் பதில் தெரியவில்லை. குழியை விட்டு ஏறப்போகும் நேரத்தில் தன்னிடம் ஒரு திட்டம் இருக்கு என்கிறான் பால்ட்ரிக். 400 வருசமாகச் சொல்லிச் சொல்லித் திட்டு வாங்கிய அதே வார்த்தை. இந்தத் தடவை பிளாக்ஆடர் கேட்கத் தயாராக இருக்கிறான். அதற்குள் உத்தரவு வந்துவிடுகிறது. ஏறி ஓடுகிறார்கள். திரையில் சேறு மங்கி பாப்பிப் பூ வயலாகிறது. திட்டம் என்னவென்று நமக்குச் சொல்லப்படவே இல்லை.

விளக்கைப் போட்டதும் முதலாமாண்டு படிக்கும் ஒரு பையன் கேட்டான், 'அவன் என்ன ப்ளான் வச்சிருந்திருப்பான்ணே?' அதற்கு முந்தைய ரெண்டு ஞாயிறும் வாயே திறக்காத பையன். ஆளுக்கொன்று சொன்னார்கள். துப்பாக்கியைத் திருப்பிப் பிடிச்சிருக்கணும் என்றான் ஒருவன். மெல்செட்டை முதலில் ஏறச் சொல்லியிருப்பான் என்றாள் ஒரு தங்கச்சி. முதலில் சோறு ஆக்கியிருப்பான் என்றான் கேட்ட பையனே. கடைசி பஸ் போனது யாருக்கும் தெரியவில்லை.