டயரை நாமே மாற்றினால் இலாபமா?

மாணவர்களே, புக்கிட் ரோத்தான் தோட்டப்புறங்களில் பள்ளிக்கும் வேலைக்கும் கடைக்கும் பலரைச் சுமப்பது மோட்டார் சைக்கிள்தான். அதன் டயர் தேய்ந்துவிட்டால் பட்டறைக்குக் கொண்டு போவதா, நாமே மாற்றுவதா?

முதலில் கணக்கு. நெம்புகோல்கள், ஸ்பேனர், காற்றுப் பம்பு எல்லாம் சேர்த்து 80 வெள்ளி, பட்டறைக் கூலி 10 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டு டயர் மாற்றினால்தான் போட்ட பணம் திரும்பும். நெம்புகோல் டியூப்பைக் கிழித்துவிட்டால் அதன் விலையும் சேரும். ஒரே வண்டி உள்ள வீட்டுக்குப் பட்டறைதான் மலிவு.

ஆனாலும் கற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். டயர் விளிம்புக்குள் எஃகுக் கம்பி உண்டு. அது நீளாது, அதனால் முரட்டுப் பலம் பலிக்காது. ஆனால், ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்துங்கள். இந்தப் பக்கம் தளரும். நெம்புகோலுக்குச் சுலபமாக வரும், டியூப்பும் தப்பும். நீங்கள் பாடத்தில் படித்த நெம்புகோல் தத்துவம் இங்கே கையில் கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அச்சு நட்டு, சங்கிலி, பிரேக் ஆகியவை சரியாகப் பொருந்தாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பழகும்வரை அனுபவமுள்ள பெரியவர் அருகில் இருக்கட்டும். முடிந்ததும் அவரே சோதிக்கட்டும்.

பத்து வெள்ளி மிச்சம் சின்ன விஷயம். இருட்டிய நேரத்தில், பட்டறையே இல்லாத செம்பனைத் தோட்டச் சாலையில் டியூப் பஞ்சரானால், கையில் கருவியும் இந்த அறிவும் இருப்பவர்தான் வண்டியைத் தள்ளாமல் வீடு சேருவார்.