கரிகாலன் கொலையும் ஒரு மெயிலும்

தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல நேத்து மறுபடி அதே பஞ்சாயத்து. ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு? உத்தம சோழன்தான்னு நண்பன் அடிச்சுச் சொல்றான். 2022-ல் மணிரத்னம் படம் வந்ததுலேர்ந்து இதே ரோதனை.

உடையார்குடி கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிகள் பேரையே சொல்லுது. அது ராஜராஜனோட 2-ஆம் ஆட்சியாண்டு. நடுவுல ஆண்டது உத்தம சோழன். நீலகண்ட சாஸ்திரி அவர் மேல சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் ஒத்துக்கலை. தீர்ப்பு நம்ம கையில இல்லீங்க.

எனக்கு முக்கியமாப் படறது வேற. கி.மு. 44-ல் ரோம்ல சீசருக்கு 23 குத்து. அவரோட வாரிசு ஆக்டேவியனுக்கு அப்போ 18 வயசு. பதவிக்கு உடனே கிளம்பிட்டார். கி.மு. 30 வரைக்கும் ரோமானியனை ரோமானியனே வெட்டிக்கிட்டான்.

இங்கே அருள்மொழி? மக்கள் கூப்பிட்டும், சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிறவரை அரியணை வேண்டாம்னு ஒதுங்கினதா திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. மகன் ராஜேந்திரன் காலத்துச் செப்பேடு, அப்பா புகழ் தூக்கலாத்தான் இருக்கும். அதைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும், 985-ல் அவர் கைக்கு வந்தது உடையாத நாடு. காத்திருக்கறதும் ஒரு பேராசைதான், ஆனா அதுல அடுத்தவன் வீடு எரியலை.

ஏன் இந்தப் புலம்பல்னா, டீம் லீட் பதவி எனக்கு வரலை. வந்தவனைப் போட்டுக்கொடுத்து மேனேஜருக்கு ஒரு மெயில் அடிச்சு வெச்சிருந்தேன். குரோம்பேட்டை வர்றதுக்குள்ள அழிச்சுட்டேன்.

பதினஞ்சு வருஷம் பொறுக்க நான் ராஜராஜன் இல்லை. அடுத்த அப்ரைசல் வரைக்கும் பொறுக்கலாம்ல? :-)