மணத்தக்காளியைச் சாப்பிடுங்கள், குடிக்காதீர்கள்

வாய்ப்புண்ணா, மணத்தக்காளி. அல்சரா, மணத்தக்காளி. கல்லீரல் வீக்கமா, அதற்கும் அதுவே. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைச் சாறு குடித்தால் மாத்திரையே வேண்டாம், இயற்கை தந்தது கெடுதல் செய்யாது என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

முதலில் அந்தக் ‘கெடுதல் செய்யாது’. மணத்தக்காளி, கத்தரியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குடும்பம். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கை எதற்காக ஒதுக்குகிறோமோ, அந்தச் சோலனின் வகை நச்சு இதன் காயிலும் உண்டு. பச்சைக்காயில் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். அளவு மீறினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி. வேகவைத்தால் சரியாகிவிடும் என்பதும் அரை உண்மை. அடுப்புச் சூட்டில் சோலனின் எளிதில் சிதையாது. ஓரளவு கொதிநீரில் இறங்கும், அவ்வளவே.

‘வத்தல் பச்சைக்காய்தானே, பாட்டி காலத்திலிருந்து தின்னவில்லையா?’ தின்றோம். மோரிலும் உப்பிலும் ஊறிக் காய்ந்தது குழம்பில் ஒரு கைப்பிடி விழும். அதையும் நாலு பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். எப்போதாவது பருப்புக் கூட்டும் தேங்காய்ப்பால் விட்ட தண்ணிச்சாறும் சாப்பிட்ட தலைமுறையைச் சாட்சிக்கு இழுத்து, தினம் ஒரு டம்ளர் பச்சைச் சாற்றுக்கு நியாயம் கற்பிக்க முடியாது. (இரத்தக் கொதிப்புக்காரர் வத்தலில் அஞ்ச வேண்டியது உப்புக்கு.)

அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, இல்லையென்றால் வலி மாத்திரைகள். அந்தக் கிருமியைக் கண்டுகாட்டிய ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமியை ஒழிக்க ஆன்டிபயாடிக் வேண்டும். மணத்தக்காளி வயிற்றுப் புண்ணையும் கல்லீரல் சேதத்தையும் குறைத்ததாகக் காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளுக்குச் செறிவாக்கிய சாற்றைக் கொடுத்துச் செய்தவை. அவற்றை நம்பி மனிதர் மாத்திரையை நிறுத்துவது மடமை.

சிறு வாய்ப்புண் ஓரிரு வாரத்தில் தானே ஆறும்; பெயர் கீரைக்குப் போகும். மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், அதுவும் புகையிலை போடுகிறவர், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். புற்றுநோயாகவும் இருக்கலாம்.

‘இது பெல்லடோனா, ஆளைக் கொல்லும்’ என்று மறுபக்கம் அலறுகிறவர்களும் தப்பு. பெல்லடோனா என்ற அந்த நச்சுச் செடியின் பூ ஊதா மணி. பழம் ஒற்றை ஒற்றையாக, விரிந்த பச்சைப் புல்லிமேல் உட்கார்ந்திருக்கும். மணத்தக்காளிக்கு வெள்ளைப் பூ, கொத்துக் காய். நம்மூர் வரப்பில் பெல்லடோனா முளைப்பதுமில்லை. நன்றாகப் பழுத்ததை நாலைந்து பறித்துத் தின்னும் பிள்ளையை விட்டுவிடுங்கள். பச்சைக்காயை உருவினால் மட்டும் கையைப் பிடியுங்கள்.